என்.ஜி.ஓ-வில் கம்யூனிகேஷன்ஸ் வேலை: என்ன செய்வார்கள், சம்பளம் வருமா, எப்படிச் சேர்வது?

அந்தமானில் குட்வில் எஸ்டேட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு தடுப்பூசி முகாம் நடக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமைப் பற்றி ஒரு சுவரொட்டி ஒட்ட வேண்டும், எழுத வேண்டியவர் நீங்கள். எந்த மொழியில் எழுதுவீர்கள்?

'இந்தியில் எழுதினால் எல்லோருக்கும் புரியும்' என்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் திறந்து பாருங்கள். அந்தமான் நிக்கோபாரின் மொத்த மக்கள்தொகை 3,80,581. வங்காளத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 28.5 சதவீதம். இந்தி 19.3, தமிழ் 15.2, தெலுங்கு 13.2 சதவீதம். நிக்கோபாரி மொழிகளும் மலையாளமும் தலா 7 சதவீதத்துக்குச் சற்று மேல். கடைத்தெருவில் பேச இந்தி போதும். ஆனால் 'காய்ச்சல் வந்தால் பயப்படாதீர்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்' என்று ஒரு தாயிடம் சொல்லி நம்பவைக்க, அவர் வீட்டில் பேசும் மொழி வேண்டும்.

இது தீவுகள் முழுவதற்குமான கணக்கு. ஒவ்வோர் ஊருக்கும் இது மாறும். அப்படியென்றால் சுவரொட்டி எழுதும் முன் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், எங்கே கூடுகிறார்கள், யார் சொன்னால் கேட்பார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும். சுவரொட்டி என்பது கடைசி அரை மணி நேர வேலை. அதற்கு முன் நடக்கும் அத்தனையும் சேர்ந்ததுதான் தொண்டு நிறுவனங்களில் 'கம்யூனிகேஷன்ஸ்' என்று சொல்லப்படும் வேலை.

ஐ.டி, வங்கி, ஊடகம் என்று ஏதோ ஒன்றில் சில வருடங்கள் ஓட்டிவிட்டு, 'இதைவிட அர்த்தமுள்ளதாக ஏதாவது செய்யலாமே' என்று யோசிப்பவர்கள் அதிகம் விசாரிக்கும் துறைகளில் இதுவும் ஒன்று. ஆசைப்படும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இங்கே.

இந்த வேலையில் என்னதான் செய்வார்கள்?

விளம்பரத்தில் 'கம்யூனிகேஷன்ஸ் ஆபீஸர்' என்று ஒரே பெயர்தான் இருக்கும். உள்ளே போனால் குறைந்தது ஐந்து வேறு வேலைகள்.

- நன்கொடையாளர்களுக்கான எழுத்து: திட்ட முன்மொழிவு, காலாண்டு அறிக்கை, ஆண்டறிக்கை, களத்திலிருந்து கதைகள். பெரும்பாலான சிறிய நிறுவனங்களில் பாதி நாள் இதிலேயே போய்விடும்.
- ஊடகத் தொடர்பு: பத்திரிகையாளர்களுக்குத் தகவல் தருவது, செய்திக்குறிப்பு எழுதுவது, தவறான செய்தி வந்தால் திருத்தம் கேட்பது.
- டிஜிட்டல்: இணையதளம், சமூக ஊடகம், வீடியோ, செய்திமடல்.
- நடத்தை மாற்றத் தொடர்பு: கை கழுவுவது, தாய்ப்பால், பள்ளி இடைநிற்றல், புயல் எச்சரிக்கை போன்றவற்றில் மக்களோடு நேரடியாகப் பேசும் பிரசாரம். களத்தில் அதிகம் இருக்க வேண்டிய வேலை இது.
- கொள்கைப் பிரசாரம்: ஆய்வறிக்கைகளைச் சுருக்கி அரசு அதிகாரிகள், சட்டமன்ற உறுப்பினர்கள், நீதிமன்றம் வரை கொண்டு சேர்ப்பது.

முதல் மூன்றும் நிறுவனத்தின் குரலை வெளியே கொண்டு செல்பவை. நான்காவது, மக்களுக்குத் தேவையான தகவலை அவர்கள் கையில் கொடுப்பது. இதற்கு 'வளர்ச்சித் தொடர்பியல்' என்று தனிப் பெயர் உண்டு. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த நோரா கேப்ரல் 1971-ல் இந்தப் பெயரை முன்வைத்தார். நேர்காணலுக்குப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: 'இந்த ஐந்தில் எதற்காக என்னை எடுக்கிறீர்கள்?' பதில் 'எல்லாத்துக்கும்தான்' என்று வந்தால், தனி ஆளாக ஒரு முழுத் துறையையும் இழுக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம்.

ஒரு ஒலிபெருக்கி காப்பாற்றிய ஊர்

இந்த வேலை சரியாகச் செய்யப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

சென்னையில் 1988-ல் தொடங்கப்பட்டது எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். கனடா அரசின் ஐ.டி.ஆர்.சி அமைப்பு உதவ, 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் 'அறிவு மையங்கள்' என்று ஒரு திட்டத்தை அது தொடங்கியது. ஊருக்கு ஒரு கணினி, ஒரு அறை, உள்ளூர் ஆட்களே நடத்துநர்கள். மீனவக் கிராமத்தில் மக்களிடம் கேட்டபோது அவர்கள் முதலில் கேட்டது, நாளைக்கு அலை எப்படி இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை இறக்கி, தமிழில் எழுதி, ஊரில் ஒலிபெருக்கி வைத்து வாசித்தார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவருக்கும் அது காதில் விழும். 'நம்ம ஊரு செய்தி' என்று ஒரு தமிழ்ச் செய்தி இதழும் இந்தத் திட்டத்திலிருந்து வந்தது.

2004 டிசம்பர் 26 காலை. புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. கடல் பொங்குகிறது, உடனே ஊரைக் காலி செய்யுங்கள் என்றார். மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊரில் வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பித்தார்கள்.

அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைக்கப்பட்டதே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்தாறு வருடங்களாகத் தினமும் அலை உயரத்தைச் சொல்லிச் சொல்லி, 'இதில் வருவது உண்மை' என்ற நம்பிக்கையை ஊரில் சம்பாதித்திருந்தது. அன்று காலை ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மக்கள் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பிரசாரத்தை 'எத்தனை லைக்' என்று அளப்பதற்கும், இப்படி அளப்பதற்கும் உள்ள தூரத்தைப் புரிந்துகொண்டால் இந்தத் துறை பாதி புரிந்துவிடும்.

எடுக்கக் கூடாத படம்

மீண்டும் அந்தமானுக்கு வருவோம். அதே சுனாமிக்குப் பிறகு, சென்டினல் தீவுக்கு மேலே பறந்த கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் வில்லை நீட்டி நிற்கும் படம் உலகமெங்கும் வெளியானது. உயிரோடு இருக்கிறார்கள் என்பதற்கான சாட்சியாக அது பயன்பட்டது. 'காட்டுமிராண்டிகள்' என்று தலைப்புப் போடவும் அதே படம்தான் பயன்பட்டது.

2012 ஜனவரியில் இன்னொரு காட்சி. அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைக்கும் வீடியோவை பிரிட்டனின் அப்சர்வர் பத்திரிகை வெளியிட்டது. அதிர்ச்சி பரவியது. அந்தமான் நிக்கோபார் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 1956-லிருந்தே இருக்கிறது. 2012-ல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. காப்பகப் பகுதிக்குள் நுழைந்து படம் பிடிப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2013 ஜனவரியில் அந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகள் செல்ல உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து, மார்ச்சில் அதை நீக்கியது.

வீடியோ வெளிவராமல் இருந்திருந்தால் இந்த விவாதம் இவ்வளவு பெரிதாகியிருக்குமா என்பது சந்தேகம். அதே சமயம், அந்தப் பெண்களை மீண்டும் மீண்டும் திரையில் காட்டியது யார்? அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. சுரண்டலைக் கண்டிக்கும் படமே சுரண்டலைத் தொடரும் படமாகவும் ஆகிவிடலாம்.

இது அந்தமானுக்கு மட்டும் உள்ள சிக்கல் என்று நினைக்க வேண்டாம். தருமபுரியில் குழந்தைத் திருமணத்திலிருந்து மீட்கப்பட்ட சிறுமி, கடலூரில் வெள்ளத்தில் வீட்டை இழந்த பாட்டி என்று நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு 'வெற்றிக் கதை'யிலும் இந்தக் கேள்வி வரும். இதற்கு எழுதிவைத்த நெறிகள் இருக்கின்றன. 1994-ல் செஞ்சிலுவைச் சங்க இயக்கமும் மற்ற அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறியின் பத்தாவது விதி, விளம்பரங்களில் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களைக் கையறு நிலையில் உள்ள பொருட்களாகக் காட்டாமல் கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது. ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கான்கார்ட் 2006-ல் படங்களுக்கும் செய்திகளுக்கும் என்றே தனி நெறி வகுத்தது.

நம் சட்டங்களும் இருக்கின்றன. போக்சோ வழக்கிலும் சிறார் நீதிச் சட்டத்தின் கீழும் குழந்தையின் அடையாளம் வெளியிடப்படக் கூடாது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. பள்ளிப் பெயர், ஊர்ப் பெயர், வீட்டு வாசல் எல்லாமே அடையாளம்தான். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது.

நடைமுறையில் ஒரு சோதனை உதவும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன், 'இந்தப் படம் நாளைக்கு உங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல வந்தா பரவாயில்லையா?' என்று கேளுங்கள். 'வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கு மட்டும்' என்று நினைத்துத் தலையாட்டியவர்கள் பலர் இந்தக் கேள்விக்குப் பிறகு வேண்டாம் என்பார்கள். அதை மதித்துவிட்டு, படம் இல்லாமல் அந்த அறிக்கையை எழுதுவதுதான் உங்கள் திறமை.

7,100 டாலரும் 3 டாலரும்

'படம் இல்லாவிட்டால் பணம் வராதே' என்று உங்கள் மேலாளர் சொல்லக்கூடும். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

சுனாமி நிவாரணத்தை மதிப்பிட அமைக்கப்பட்ட சர்வதேசக் கூட்டணி 2006-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. உலகெங்கிலுமிருந்து வந்த நிதி 1,350 கோடி டாலர். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலருக்கு மேல் என்று அது கணக்கிட்டது. அதே 2004-ல் வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு, தலைக்கு 3 டாலர்.

தேவையின் அளவு மட்டும் இந்த இடைவெளியை விளக்காது. சுனாமியைத் தொலைக்காட்சி பார்த்தது, சுற்றுலாப் பயணிகளின் கேமராக்கள் பார்த்தன. வங்கதேச வெள்ளம் 'வழக்கமாக வருவதுதானே' ஆகிவிட்டது. கவனம் எங்கே போகிறதோ பணமும் அங்கே போகிறது. கவனத்தைத் திருப்பும் பொறுப்பில் உட்காருபவர்தான் கம்யூனிகேஷன்ஸ் ஆபீஸர்.

கவனம் கிடைத்தாலும் செய்தி சரியாகப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சுனாமி காட்டியது. நாகப்பட்டினத்தில் யாரும் கேட்காத பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்ததை அன்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். என்ன தேவை என்ற தகவல் கொடுப்பவர்களைப் போய்ச் சேரவில்லை. அங்கே 2005 ஜனவரியிலேயே தொண்டு நிறுவனங்கள் ஆட்சியர் நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எந்தக் கிராமத்தில் என்ன தேவை, யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்று பட்டியல் போடுவதுதான் அதன் முக்கியப் பணி. எக்ஸெல் ஷீட்டை ஒழுங்காக வைத்திருப்பதும் கம்யூனிகேஷன்ஸ் வேலைதான்.

சரி, சம்பளம்?

நேரடியாகச் சொன்னால், கார்ப்பரேட் மார்க்கெட்டிங்கில் இதே அனுபவத்துக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. அமைப்பின் பெருந்தன்மை அல்லது கஞ்சத்தனம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை, சட்டத்திலும் காரணம் இருக்கிறது.

வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளை ஒழுங்குபடுத்துவது எஃப்.சி.ஆர்.ஏ என்ற 2010-ன் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம். வெளிநாட்டு நிதியில் 50 சதவீதம் வரை நிர்வாகச் செலவுக்குப் பயன்படுத்தலாம் என்றிருந்ததை, 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்தது. எது நிர்வாகச் செலவு என்று விதிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. நிர்வாக ஊழியர் சம்பளம், அலுவலக வாடகை, அச்சுச் செலவு இவற்றோடு 'அறிக்கைகள் எழுதித் தாக்கல் செய்யும் செலவு' என்றும் ஒரு வரி வரும். ஆக, நீங்கள் செய்யும் வேலையில் கணிசமான பகுதி அந்த 20 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. செலவைக் குறைக்கும்போது முதலில் கை வைக்கப்படும் இடமும் அதுதான்.

அதே திருத்தம், வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடை செய்தது. பெரிய நிறுவனம் வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் சிறிய அமைப்புக்குக் கொடுக்கும் வழி அடைபட்டது. சிறிய அமைப்புகளில் எழுதத் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளும் வசதியும் அதோடு குறைந்தது. இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் எஃப்.சி.ஆர்.ஏ பதிவு ரத்தாகியிருக்கிறது.

மறுபக்கம், இந்திய நிறுவனங்களின் சி.எஸ்.ஆர் நிதி வளர்ந்திருக்கிறது. 2013-ன் நிறுவனங்கள் சட்டத்தின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் இவற்றில் ஒன்றைத் தொட்டாலும், ஒரு நிறுவனம் கடந்த மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2022-23-ல் இப்படிச் செலவானது சுமார் 30,000 கோடி ரூபாய். ஒப்பிட்டுப் பார்க்க, 2019-20 முதல் 2021-22 வரை மூன்று ஆண்டுகளிலும் சேர்த்து வந்த வெளிநாட்டு நிதி 55,000 கோடிக்குச் சற்று மேல்.

பணம் தருபவர் மாறினால் எழுத்தும் மாறும். வெளிநாட்டு அறக்கட்டளை நீண்ட கதையும் ஆய்வும் கேட்கும். சி.எஸ்.ஆர் குழு எண்களும் டேஷ்போர்டும் இரண்டு நிமிட வீடியோவும் கேட்கும். இங்கே ஒரு கோடு இருக்கிறது. தன் பொருளை விற்பனை செய்யும் நோக்கில் தரப்படும் ஸ்பான்சர்ஷிப்பை சி.எஸ்.ஆர் கணக்கில் காட்டக் கூடாது என்கின்றன விதிகள். 'பேனர்ல லோகோவ இன்னும் பெருசா போடுங்க' என்று போன் வரும்போது இந்த விதி ஞாபகத்தில் இருக்கட்டும்.

2025 எதை மாற்றியது?

அமெரிக்காவின் யு.எஸ்.எய்ட் அமைப்பின் நிதி 2025 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. அதன் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று மார்ச்சில் அறிவித்தார்கள். ஜூலை 1-ஆம் தேதி அந்த அமைப்பே செயல்பாட்டை நிறுத்தியது. பல நாடுகளில் ஒரே நேரத்தில் அனுபவசாலிகள் வேலை இழந்தார்கள். இன்று ஒரு சர்வதேச கம்யூனிகேஷன்ஸ் பணிக்கு நீங்கள் விண்ணப்பித்தால், பத்து, பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்களும் அதே வரிசையில் நிற்பார்கள்.

இந்தியாவில் 2025 மே மாதம் உள்துறை அமைச்சகம் இன்னொரு நிபந்தனையைக் கொண்டுவந்தது. வெளியீட்டுப் பணிகளில் ஈடுபடும் அமைப்பு எஃப்.சி.ஆர்.ஏ பதிவுக்கு விண்ணப்பித்தால், அதன் வெளியீட்டில் செய்தி உள்ளடக்கம் இல்லை என்று பத்திரிகைப் பதிவாளரிடம் சான்று வாங்கித் தர வேண்டும். செய்திமடல் நடத்துவது உங்கள் பொறுப்பு என்றால் இது நேராக உங்கள் மேசைக்கு வரும் விஷயம். பத்திரிகையிலிருந்து இந்தப் பக்கம் வருபவர்கள் 'செய்தி' எது, 'நிறுவனத் தகவல்' எது என்று புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

வேலை யாரிடம் இருக்கிறது?

ஐ.நா அமைப்புகள்: யுனிசெஃப்பின் சென்னை அலுவலகம் தமிழ்நாடு, கேரளத் திட்டங்களைப் பார்க்கிறது. ஐ.நா-வின் சர்வதேசப் பணிகளில் தொடக்க நிலையான பி-2-க்கே பொதுவாக முதுகலைப் பட்டமும் இரண்டு வருட அனுபவமும் கேட்பார்கள். உள்நாட்டிலேயே இருந்து செய்யும் 'தேசிய அலுவலர்' பணிகளும், ஆலோசகர் ஒப்பந்தங்களும்தான் பெரும்பாலானவர்களுக்கு எட்டக்கூடியவை. ஐ.நா தன்னார்வலர் திட்டத்தில் 18 முதல் 26 வயதினருக்குத் தனிப் பிரிவு உண்டு, வாழ்க்கைச் செலவுக்கான தொகை தருவார்கள். ஐ.நா தலைமைச் செயலகத்தின் இன்டர்ன்ஷிப்புக்கு ஊதியம் கிடையாது.

பெரிய இந்திய நிறுவனங்கள்: எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், மதுரையிலிருந்து இயங்கும் தானம் அறக்கட்டளை போன்றவை. களம் கற்க நல்ல இடங்கள்.

சூழலியல் அமைப்புகள்: அந்தமானில் வண்டூரில் இருந்து இயங்கும் அந்தமான் நிக்கோபார் சூழலியல் குழு, சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை தொடங்கியது. பெங்களூருவின் தக்ஷின் அறக்கட்டளை லிட்டில் அந்தமானில் பேராமைகளை ஆய்வு செய்கிறது. அங்கே முட்டையிட்டுவிட்டுப் போன ஆமைகளைச் செயற்கைக்கோள் கருவி மூலம் பின்தொடர்ந்தபோது, சில ஆஸ்திரேலியாப் பக்கமும் சில ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கமும் போயிருந்தன. ஆய்விதழில் அது ஒரு வரைபடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கதையாக அதை மாற்ற ஓர் ஆள் தேவைப்படுகிறார்.

சமுதாய வானொலிகள்: இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம் 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் தொடங்கியது. பாம்பனில் மீனவர்களுக்கான கடல் ஓசை, நாகை மாவட்டம் விழுந்தமாவடியில் களஞ்சியம் வானொலி என்று வரிசை நீளும். சம்பளம் சிறிது, ஆனால் கேட்பவர் மறுநாள் காலை நேரிலேயே வந்து திட்டுவார். அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தமிழ் தெரிவது பலமா?

நியூயார்க், ஜெனீவா கனவுக்கு ஆங்கிலத்தோடு பிரெஞ்சு அல்லது அரபு உதவும். ஐ.நா-வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை. ஆனால் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான், இலங்கையின் வடக்கு-கிழக்கு, மலையகம் இவற்றில் வேலை செய்யும் எந்த அமைப்புக்கும் தமிழில் யோசித்து எழுதுபவர் தேவை. ஆங்கில அறிக்கையை மொழிபெயர்ப்பவர்கள் நிறையப் பேர். மீனவப் பெண்கள் குழுவில் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொல்லையே பயன்படுத்தித் துண்டறிக்கை எழுதுபவர்கள் குறைவு.

எந்த ஊடகம் என்பதும் மொழியோடு சேர்ந்த கேள்வி. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் சுமார் 2,300 கி.மீ கேபிள் போட்டு 2020 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அதுவரை அத்தனை இணையமும் செயற்கைக்கோள் வழியாகத்தான். சென்னை அலுவலகத்தில் உட்கார்ந்து 'ரீல்ஸ் போட்டால் போதும்' என்று முடிவெடுக்கும் முன், கேட்பவர் கையில் என்ன சிக்னல் இருக்கிறது என்று பாருங்கள்.

எப்படிச் சேர்வது?

1. பட்டம் ஒரு கதவு, ஒரே கதவு அதுவல்ல. டெல்லி ஜாமியா மில்லியாவில் வளர்ச்சித் தொடர்பியலில் முதுகலை இருக்கிறது. இதழியல், சமூகப்பணி, புள்ளியியல், சுற்றுச்சூழல் படித்தவர்களும் வருகிறார்கள்.

2. மூன்று மாதிரிகளைத் தயார் செய்யுங்கள். ஒரு களக் கதை, ஓர் அரசு ஆவணத்தின் ஒரு பக்கச் சுருக்கம், ஒரு தரவு வரைபடம். உதாரணத்துக்கு, கிரேட் நிக்கோபார் பெருந்திட்டத்தில் 130.75 சதுர கி.மீ காடு வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்படுகிறது. அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படித்து 400 வார்த்தைகளில் தமிழில் எழுதிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பரப்போடு ஒப்பிட்டால் அந்த எண் எப்படி மாறுகிறது என்று அப்போது தெரியும்.

3. ஃபெல்லோஷிப் ஒரு நல்ல சோதனைக் காலம். எஸ்.பி.ஐ யூத் ஃபார் இந்தியா 2011-லிருந்து நடக்கிறது. 13 மாதம் கிராமத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தோடு வேலை. இந்த வாழ்க்கை ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள, நல்ல வேலையை ராஜினாமா செய்துவிட்டு நேராகக் குதிப்பதைவிட இது பாதுகாப்பானது.

4. விளம்பரங்களைத் தினமும் பாருங்கள். ஐ.நா நடத்தும் ரிலீஃப்வெப், இந்தியாவுக்கு டெவ்நெட்ஜாப்ஸ் இந்தியா. ஐ.நா-வில் வேலை வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. விண்ணப்பம், நேர்காணல், பயிற்சி எதற்கும் ஐ.நா கட்டணம் வாங்குவதில்லை.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்

வேலை கொடுப்பவர்கள் உங்கள் சான்றிதழைச் சரிபார்ப்பார்கள். நீங்களும் அவர்களைச் சரிபாருங்கள்.

- நீதி ஆயோக்கின் என்.ஜி.ஓ தர்பண் தளத்தில் அமைப்பு பதிவாகியிருக்கிறதா?
- வெளிநாட்டு நிதி வாங்கினால், அதன் எஃப்.சி.ஆர்.ஏ பதிவு செல்லுபடியாகிறதா, எப்போது முடிகிறது? ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்திருக்கிறார்களா?
- உங்கள் சம்பளம் எந்தத் திட்ட நிதியிலிருந்து வருகிறது, அந்தத் திட்டம் எந்த மாதம் முடிகிறது? இதைக் கேட்கத் தயங்காதீர்கள். நேர்காணலில் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது.
- நீங்கள் ஊழியரா, ஆலோசகரா? ஆலோசகர் என்றால் பொதுவாக 10 சதவீத டி.டி.எஸ் பிடித்தம், பி.எஃப் இல்லை, பிரசவ விடுப்பு இல்லை. மாதத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் இதையெல்லாம் கழித்துப் பாருங்கள்.
- படங்களுக்கும் கதைகளுக்கும் எழுத்துபூர்வமான கொள்கை இருக்கிறதா? குழந்தைகள் பாதுகாப்புக் கொள்கை? 'அதெல்லாம் பார்த்துக்கலாம் வாங்க' என்றால் யோசியுங்கள்.
- கடைசி மூன்று ஆண்டறிக்கைகளைப் படியுங்கள். ஒரு தோல்வியைக்கூட ஒப்புக்கொள்ளாத அறிக்கை என்றால், நீங்களும் நாளை அப்படித்தான் எழுதவைக்கப்படுவீர்கள்.

யாருக்கு இது ஒத்துவராது?

தன் பெயர் போட்டு எழுத வேண்டும் என்பவர்களுக்கு. நீங்கள் எழுதுவதில் பெரும்பகுதி இயக்குநரின் பெயரிலோ, பெயரே இல்லாமலோ வெளியாகும்.

மாத இறுதியில் சேமிப்பு கட்டாயம் வேண்டும் என்ற நிலையில், வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் தலைக்கு மேல் இருப்பவர்கள் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இப்போதைய வேலையில் இருந்துகொண்டே, வார இறுதியில் உங்கள் ஊர் அமைப்பு ஒன்றுக்கு ஆண்டறிக்கை எழுதித் தரலாம். பெரும்பாலான சிறிய அமைப்புகளில் அதைச் செய்ய ஆளே இல்லை.

'நல்லது செய்கிறோம், அதனால் நாம் சொல்வது சரி' என்று நினைப்பவர்களுக்கும் இது கஷ்டம். களத்தில் உங்களைத் திருத்துபவர்கள் அதிகம். குட்வில் எஸ்டேட்டில் அந்தச் சுவரொட்டியை நான்கு மொழியில் அச்சடித்து ஒட்டிவிட்டு வந்த பிறகும், 'முகாம் என்னைக்குன்னு போடவே இல்லையே தம்பி' என்று ஒரு பாட்டி கேட்கலாம். அவரிடம் நன்றி சொல்லிவிட்டு, தேதியைப் பேனாவால் எழுதத் திரும்பி நடக்க வேண்டியவரும் நீங்கள்தான்.